பாகையும் கலையும் மில்லும்
துப்பாக்கிக் குறிநோக்கியின் கோண அளவைகள் பற்றிய விளக்கம்

ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டுவோர் பாகைமானியைக் கையில் எடுத்துச் செல்வதில்லை. ஆயினும், ஒட்டுக்கட்டிய மரத்தின் பட்டையில் அவர்கள் இடும் வெட்டு, கிடைக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 30 பாகை சாய்ந்து, இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழ்நோக்கி இறங்குகிறது. பட்டையினுள் ஓடும் பாற்குழாய்கள் நேர்நிமிர்ந்து நில்லாமல் சில பாகை வலப்புறம் சாய்ந்து மேலேறுகின்றன. ஆதலின் இத்திசையில் இடும் வெட்டே மிகுதியான குழாய்களை அறுத்து மிகுதியான பாலைத் தருகிறது. ஜொகூரின் தோட்டப் பள்ளிகளில் பயின்ற தலைமுறையினருக்குக் கோணம் என்பது புத்தகத்தில் வந்த புதுச்சொல் அன்று. பெற்றோரின் கைப்பழக்கத்தில் இருந்த பொருள்.

பால் வெட்டில் ஒரு பாகை கூடினும் குறையினும் பெருங்கேடு விளைவதில்லை. ஆனால், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கும், அதனினும் சிறிய பங்கும் வெற்றி தோல்வியை முடிவு செய்யும் துறைகள் சில உண்டு. நில அளவை ஒன்று. வான நூல் ஒன்று. குறி பார்த்துச் சுடும் விளையாட்டு மற்றொன்று. இவற்றுள் இறுதியில் கூறிய துறையில் வழங்கும் இரு அளவைகள் கற்றோரையும் மயங்க வைப்பன. துப்பாக்கியின் மேல் பொருத்தப்படும் தொலைநோக்கியில், அதாவது குறிநோக்கியில், உள்ள திருகுகளின் மீது ஒரு நாட்டார் ‘மினிட்’ என்று பொறிக்கின்றனர். வேறு நாட்டார் ‘மில்’ என்று பொறிக்கின்றனர். இவை யாவை, இவற்றுக்குள் உள்ள உறவு யாது, இவற்றைத் தமிழில் எவ்வாறு விளக்குவது என்பன ஈண்டு ஆராயப்படுகின்றன.

பெயர்களின் வரலாறு

வட்டத்தை 360 பாகையாகப் பகுக்கும் வழக்கம் அறுபதை அடியாகக் கொண்டு எண்ணிய பாபிலோனியர் காலத்தொடு தொடர்புடையது. ஒரு பாகையை 60 கூறாக்கியதனை இலத்தீனில் ‘முதற் சிறுகூறு’ என்றும், அதனை மேலும் 60 ஆக்கியதனை ‘இரண்டாம் சிறுகூறு’ என்றும் பொருள்படும் தொடர்களால் வழங்கினர். முதல் தொடரிலுள்ள ‘சிறு’ என்னும் பொருளுடைய சொல்லே மினிட் ஆயிற்று. மற்றதிலுள்ள ‘இரண்டாம்’ என்னும் சொல்லே செகண்ட் ஆயிற்று.

தமிழருக்கும் அறுபதின் கணக்குப் புதியதன்று. நாளொன்றுக்கு 60 நாழிகை. நாழிகை ஒன்றுக்கு 60 விநாழிகை. பஞ்சாங்கக் கணிதத்தில் இராசி ஒன்றுக்கு 30 பாகை. பாகை ஒன்றுக்கு 60 கலை. கலை ஒன்றுக்கு 60 விகலை. ஆகவே குறிநோக்கியில் ‘மினிட்’ எனப் பொறித்திருப்பது பஞ்சாங்கத்தில் ‘கலை’ என்று எழுதப்படும் அதே அளவேயாகும். பெயரைத் தேடி வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. அது வீட்டிலேயே இருக்கிறது.

இச்சொல்லை எடுத்தாள்வதில் வெறும் மொழிப்பற்று மட்டுமன்றிக் கற்பித்தற் பயனும் உண்டு. கோணத்தின் மினிட்டையும் காலத்தின் மினிட்டையும் ‘நிமிடம்’ என ஒரே சொல்லால் குறித்தால் மாணாக்கர் இரண்டையும் ஒன்றெனக் கொள்வர். புவி தன்னைச் சுற்றுங்கால் ஒரு மணி நேரத்தில் 15 பாகை திரும்புகிறது. எனவே ஒரு நிமிட நேரத்தில் 15 கலை திரும்புகிறது. ‘ஒரு நிமிடத்தில் பதினைந்து நிமிடம்’ என்றால் குழப்பம். ‘ஒரு நிமிடத்தில் பதினைந்து கலை’ என்றால் தெளிவு.

கலை எத்துணைச் சிறியது?

வட்டம் முழுமைக்கும் 21,600 கலைகள். பள்ளியில் வழங்கும் பாகைமானியின் ஆரம் 5 சென்டிமீட்டர் எனக் கொண்டால், அதன் விளிம்பில் ஒரு பாகை ஏறத்தாழ 0.87 மில்லிமீட்டர் இடம் பெறும். அதில் அறுபதில் ஒரு பங்கான கலை 0.0145 மில்லிமீட்டர், கூரிய பென்சில் முனையாலும் குறிக்கவியலாத இடைவெளி.

ஆயினும் கலை அன்றாட வாழ்வுக்குப் புறம்பானதன்று. நல்ல பார்வையுடைய கண் பிரித்தறியும் மிகச்சிறு இடைவெளி ஏறத்தாழ ஒரு கலையாகும். கண் மருத்துவர் 6 மீட்டர் தொலைவில் வைக்கும் எழுத்து அட்டையில், இயல்பான பார்வைக்குரிய வரியின் எழுத்துகள் 5 கலை உயரம் அமையுமாறு வரையப்பெற்றவை, அவ்வுயரம் 8.7 மில்லிமீட்டர். கடலில் செல்வோரும் கலையையே நம்பியிருக்கின்றனர். புவியின் அகலாங்கில் ஒரு கலை நீளமே கடல் மைல் எனப்பட்டது. இன்று அது 1,852 மீட்டர் என வரையறுக்கப்பட்டுள்ளது. 21,600 கடல் மைல்களைக் கிலோமீட்டராக்கினால் 40,003 வரும். அதுவே புவியைத் துருவங்கள் வழியாகச் சுற்றிவரும் நீளத்துக்கு மிக நெருங்கிய கணக்கு.

தொலைவும் கோணமும்

நீளத்தை அளக்க அங்குலமும் சென்டிமீட்டரும் இருக்கையில், குறிநோக்கியில் கோணத்தை ஏன் பொறிக்க வேண்டும் என்ற வினா எழலாம். இதற்கு விடை ரப்பர்த் தோட்டத்தின் நிரையிலேயே உள்ளது. நிரையின் தலைப்பில் நின்று நோக்குவார்க்கு, இருபுறமும் இணையாகச் செல்லும் மரவரிசைகள் போகப்போக நெருங்கி, கடைக்கோடியில் ஒன்றையொன்று தொடுவன போலத் தோன்றும். வரிசைகளின் இடைவெளி குறையவில்லை. அவ்விடைவெளி கண்ணில் ஏற்படுத்தும் கோணமே குறைந்தது.

துப்பாக்கி பிடித்தவரின் நிலை இதற்கு நேர் எதிரானது. அவர் குழாயை ஒரு சிறு கோணம் திருப்பினால் குண்டு விழும் இடம் அருகில் சிறிதும் தொலைவில் பெரிதும் விலகும். ஒரு கலை திருப்பினால் 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர் விலகல். 200 மீட்டரில் 5.8, 300 மீட்டரில் 8.7. திருகு அறிந்தது கோணத்தை மட்டுமே. இலக்கு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை அது அறியாது. ஆகவே திருகின் மீது சென்டிமீட்டரைப் பொறித்தால் ஒரே ஒரு தொலைவுக்கே அது மெய்யாகும். கோணத்தைப் பொறித்தால் எல்லாத் தொலைவுக்கும் மெய்யாகும்.

மில் என்னும் அளவை

கலை அறுபதின் வழி வந்தது. மில் ஆயிரத்தின் வழி வந்தது. வட்டத்தின் ஆரத்துக்குச் சமமான நீளமுடைய வில் மையத்தில் ஏற்படுத்தும் கோணம் ஒரு ரேடியன் ஆகும். இச்சொல் முதன்முதல் அச்சில் வந்தது ஒரு வினாத்தாளில் என்பது ஆசிரியர்களுக்கு இனிக்கும் செய்தி. 1873ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரக் குயின்ஸ் கல்லூரியில் ஜேம்ஸ் தாம்சன் என்னும் பேராசிரியர் அமைத்த தேர்வு வினாக்களில் அது இடம்பெற்றது.

ரேடியனின் ஆயிரத்தில் ஒரு பங்கே மில்லிரேடியன், சுருக்கமாக மில். இதன் சிறப்பு கணக்கின் எளிமை. ஆயிரம் மீட்டர் தொலைவில் ஒரு மீட்டர் விலகல் எதுவோ அதுவே ஒரு மில். எனவே 100 மீட்டரில் ஒரு மில் 10 சென்டிமீட்டர். 500 மீட்டரில் 50 சென்டிமீட்டர். ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தின் நீளம் 1,056 மீட்டர். அதன் ஒரு முனையில் நிற்பவர் மறுமுனையில் நிற்கும் 1.7 மீட்டர் உயரமுள்ள ஆளைக் காணக்கூடுமாயின், அவ்வாளின் உயரம் அவர் கண்ணில் 1.6 மில் அளவே இருக்கும்.

இதே முறையைத் தலைகீழாக்கினால் தொலைவை அறியலாம். பொருளின் உயரத்தை மீட்டரில் எடுத்து, ஆயிரத்தால் பெருக்கி, அது காட்டும் மில் எண்ணால் வகுத்தால் தொலைவு மீட்டரில் கிடைக்கும். 2 மீட்டர் உயரமுள்ள கம்பம் 4 மில் காட்டினால் அது 500 மீட்டர் தொலைவில் உள்ளது. குறிநோக்கியினுள் காணப்படும் குறுக்கிழைகளில் சம இடைவெளியில் கோடுகளோ புள்ளிகளோ இட்டிருப்பது இக்கணக்கின் பொருட்டே.

இரு அளவைகளையும் இணைக்கும் எண் 3.438. அதாவது ஒரு மில்லுக்கு 3.438 கலை, ஒரு பாகைக்கு 17.45 மில். வட்டம் முழுமைக்கும் மில்லிரேடியன்கள் 6,283 சொச்சம். இச்சொச்சமே படைத்துறையினருக்கு இடையூறாயிற்று. வட்டத்தைப் பாதியாகவும் காலாகவும் அரைக்காலாகவும் பகுக்க வசதியாக, நேட்டோ நாட்டார் வட்டத்தை 6,400 ஆகக் கொண்டனர். ருசியர் 6,000 எனக் கொண்டனர். ஸ்வீடன் நாட்டார் நெடுங்காலம் 6,300 எனக் கொண்டிருந்தனர். எனவே ‘மில்’ என்ற ஒரே பெயரின் கீழ் சிறிதே வேறுபட்ட அளவுகள் உலவுகின்றன. குறிநோக்கியில் பொறிக்கப்படுவது பெரும்பாலும் மெய்யான மில்லிரேடியனே.

பெருந்தொலைவில் சிறுபிழை எவ்வாறு பெருகும் என்பதற்குப் பீரங்கி நல்ல எடுத்துக்காட்டு. 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்கு ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் வழங்கிய நன்கொடையின் பெரும்பகுதியைக் கொண்டு சிங்கப்பூரின் சாங்கியில் 15 அங்குலப் பீரங்கிகள் நிறுவப்பட்டன; அவ்வரண் ஜொகூர் பீரங்கித்தளம் என்றே பெயர் பெற்றது. இத்தகைய பீரங்கி 30 கிலோமீட்டருக்கு எறியும்போது ஒரு மில் பிழைத்தால் குண்டு 30 மீட்டர் விலகும். அதே தொலைவில் ஒரு விகலைப் பிழை 15 சென்டிமீட்டருக்கும் குறைவு.

திருகும் சொடுக்கும்

குறிநோக்கியின் மேற்புறம் ஒரு திருகும் பக்கத்தில் ஒரு திருகும் உண்டு. முன்னது குண்டு படும் இடத்தை மேலும் கீழும் நகர்த்தும். பின்னது இடமும் வலமும் நகர்த்தும். மேல்கீழ்த் திருத்தம் ஏன் வேண்டும் எனில், குழாயைவிட்டு வெளிப்பட்ட கணம் முதல் குண்டு நிலத்தை நோக்கி வீழத் தொடங்குகிறது. மரத்திலிருந்து உதிரும் காய்க்கும் பறக்கும் குண்டுக்கும் புவியீர்ப்பு ஒன்றே. வானில் அரை விநாடி செல்லும் குண்டு, குழாய் காட்டிய நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் தாழ்ந்துவிடும். ஆகவே பார்வைக்கோடு இலக்கை நோக்க, குழாயோ சிறிது மேல்நோக்கியிருக்க வேண்டும். அச்சிறு கோணத்தை அமைப்பதே மேல்திருகின் தொழில். காற்று ஒருபுறம் தள்ளுவதை ஈடுசெய்வது பக்கத் திருகின் தொழில்.

திருகைச் சுழற்றுகையில் ‘கிளிக்’ என்ற ஒலியுடன் ஒவ்வொரு படியாக நகரும். ஒலியை எண்ணியே எவ்வளவு திருத்தப்பட்டது என்பதை அறியலாம். கலையை அடியாகக் கொண்ட கருவிகளில் ஒரு சொடுக்கு பெரும்பாலும் கால் கலை. மில்லை அடியாகக் கொண்டவற்றில் பெரும்பாலும் பத்தில் ஒரு மில். பத்தில் ஒரு மில் 100 மீட்டரில் 1 சென்டிமீட்டர். கால் கலை 0.73 சென்டிமீட்டர்.

ஓர் எடுத்துக்காட்டு காண்க. 300 மீட்டர் தொலைவில் வைத்த அட்டையில் குண்டுகள் நடுவிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே பட்டன. அத்தொலைவில் ஒரு மில் 30 சென்டிமீட்டர். எனவே வேண்டிய திருத்தம் அரை மில். மேல்நோக்கி 5 சொடுக்கு. கலைத் திருகாயின், அத்தொலைவில் ஒரு கலை 8.73 சென்டிமீட்டர்; 15ஐ 8.73ஆல் வகுக்க 1.72 கலை; கால் கலையாக எண்ணினால் ஏறத்தாழ 7 சொடுக்கு. இரு வழியும் ஒரே இடத்துக்கே கொண்டு சேர்க்கும். ஆகவே கலை துல்லியமானதா, மில் துல்லியமானதா என்ற வாதம் பொருளற்றது. துல்லியம் அலகின் பெயரில் இல்லை. சொடுக்கின் சிறுமையிலும், திருகின் செம்மையிலும், திருப்புவாரின் கணக்கிலும் உள்ளது.

ஐந்து விகலையின் விலை

இக்கணக்கின் கூர்மையை அறியத் தமிழர் குடும்பத்துப் பெண்ணொருவரின் விளையாட்டைக் காண்பது தகும். இளவேனில் வாலறிவன் 1999ஆம் ஆண்டில் தமிழகத்தின் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் 2019ஆம் ஆண்டு ரியோ நகரில் உலகக் கிண்ணத் தங்கம் வென்றார்; பின்னர்த் தோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவின் சார்பில் பங்கேற்றார். மலேசியாவின் நூர் சூர்யானி தைபி 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கருவுற்ற நிலையில் பங்கேற்றதும் இதே போட்டியில்தான்.

இப்போட்டியில் பெரிதுபடுத்தும் தொலைநோக்கியைப் பொருத்த விதி இடந்தருவதில்லை. சிறு துளையுள்ள பின்குறியும் வளையமுள்ள முன்குறியுமே உண்டு. ஆயினும் பின்குறியை நகர்த்தும் திருகுகள் அதே கோணக் கணக்கின்படியே சொடுக்குகின்றன. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 800 மில்லிமீட்டர் இருப்பதாகவும், ஒரு சொடுக்கு பின்குறியை 0.01 மில்லிமீட்டர் நகர்த்துவதாகவும் கொண்டால், அஃது எண்பதாயிரத்தில் ஒரு பங்கு ரேடியன். 10 மீட்டருக்கு அப்பால் அது 0.125 மில்லிமீட்டர் நகர்வாகும்.

இத்துணைச் சிறுநகர்வு எதற்கு? இலக்கட்டையின் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர்; குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு நடுப்புள்ளியைத் தொட்டாலே 10 புள்ளி. எனவே குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கோணத்தில் இது கால் மில், அதாவது 0.86 கலை. கண் பிரித்தறியும் எல்லையினும் இது சற்றுக் குறைவு. இத்துடன் நில்லாமல் அவ்விடைவெளியை மேலும் பத்தாகப் பகுத்து 10.0 முதல் 10.9 வரை புள்ளி தருகின்றனர். ஒவ்வொரு பத்தில் ஒரு புள்ளியும் 0.25 மில்லிமீட்டர், கோணத்தில் 5 விகலை.

2024ஆம் ஆண்டு பாரிஸில் தகுதிச் சுற்றின் 60 குண்டுகளில் இளவேனில் பெற்றது 630.7 புள்ளி, இடம் பத்தாவது. இறுதிச் சுற்றுக்குச் செல்வோர் முதல் எண்மரே. குண்டொன்றுக்குச் சராசரி 10.5 புள்ளி. 10.5 பெறக் குண்டின் மையம் 1.25 மில்லிமீட்டருக்குள் அமைய வேண்டும். அஃது அரைக் கலைக்கும் குறைவு. இத்துணைச் செம்மையாகச் சுட்ட பின்னரும் இறுதிச் சுற்று வாய்க்கவில்லை என்றால், ஐந்து விகலையின் விலை எவ்வளவு என்பது விளங்கும்.

பரங்கிமலையில் தொடங்கிய அளவை

விகலையை நம்பிப் பெருங்காரியம் செய்தவர் வரலாறு தமிழகத்திலேயே உண்டு. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10இல் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். இந்தியப் பெரு முக்கோண அளவை என்று பின்னாளில் பெயர் பெற்ற பணி இதிலிருந்தே விரிந்தது.

அதன் முறை எளிய வடிவியலே. முக்கோணத்தின் ஒரு பக்கத்தையும் இரு கோணங்களையும் அறிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிடலாம். ஒரு முறை மட்டும் தரையில் சங்கிலி பிடித்து அளந்து, பின்னர் மலையுச்சியிலிருந்து மலையுச்சிக்கும் கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கும் கோணத்தை மட்டும் அளந்துகொண்டே சென்றால் நாடு முழுவதையும் அளந்துவிடலாம். ஆனால் கோணம் பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். ஒரு முக்கோணத்தின் பிழை அடுத்ததற்குச் சொத்துப்போல் இறங்கும்.

இதற்காக லாம்டன் பயன்படுத்திய தியோடலைட் கருவி அரை டன் எடை உடையது. அதன் கிடைவட்டத்தின் விட்டம் 36 அங்குலம். அத்துணைப் பெரிய வட்டத்தின் விளிம்பிலும் ஒரு விகலை பெறும் இடம் 0.0022 மில்லிமீட்டரே. நுண்ணோக்கி கொண்டே அதைப் படிக்க முடியும். 1808ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது இக்கருவியை ஏற்றுங்கால் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்தது. லாம்டன் மனந்தளராமல் ஏறத்தாழ ஆறு வாரம் உழைத்து அவ்வட்டத்தை மீண்டும் வட்டமாக்கினார். புதுக்கருவி இங்கிலாந்திலிருந்து வரக் காத்திருந்தால் பணி பன்னெடுநாள் நின்றிருக்கும். சென்னைக்கும் மேற்குக் கரைக்கும் இடையே 400 மைல் என முன்னைய நிலப்படங்கள் காட்டியதை 360 மைல் எனத் திருத்தியது இவ்வளவையே. நாற்பது மைல் பிழையை நீக்கியது சங்கிலியன்று, கலையும் விகலையுமே.

ஜொகூர் வாசகர் இதே கணக்கைத் தம் நாட்டு மலையிலும் பொருத்திப் பார்க்கலாம். தங்காக் வட்டாரத்தில் நிற்கும் லேடாங் மலையின் உயரம் 1,276 மீட்டர். ஏறத்தாழ 36 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மூவாரிலிருந்து நோக்குவார்க்கு அதன் கோணம் 35 மில், அதாவது 2 பாகை எனக் கணக்குச் சொல்லும். உண்மையில் அளந்தால் சிறிது குறையும். புவி உருண்டையாதலின் அத்தொலைவில் மலையின் அடிப்பகுதி ஏறத்தாழ 100 மீட்டர் வளைவுக்குக் கீழே சென்றுவிடுகிறது. கணக்குக்கும் அளவுக்கும் இடையே உள்ள மூன்று மில் வேற்றுமை, புவி தட்டையன்று என்பதற்குச் சான்றாக நிற்கிறது.

மயக்கம் நேரும் இடங்கள்

குறிநோக்கியைக் கையாள்வோர் வழுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, ஒரு கலை என்பது 100 கெஜத்தில் ஓர் அங்குலம் என்று கொள்வது. உண்மையில் அது 1.047 அங்குலம். நூறு கெஜத்தில் பத்துக் கலை திருப்பினால் வேற்றுமை அரை அங்குலத்துக்கும் குறைவே. அதே திருப்பத்துக்கு ஆயிரம் கெஜத்தில் நான்கரை அங்குலத்துக்கு மேல் பிழைக்கும். சில கருவிகளின் சொடுக்குகள் மெய்யான கலையாலன்றி இவ்வங்குலக் கணக்கால் அமைக்கப்பட்டிருத்தலும் உண்டு. கருவியின் குறிப்பேட்டைப் படித்தே தெளிய வேண்டும்.

இரண்டாவது, குறுக்கிழை மில்லிலும் திருகு கலையிலும் அமைந்த கருவி. கண் இரண்டு மில் பிழையைக் காண, கை இரண்டு கலை திருப்பினால், வேண்டிய திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே நிகழும். 3.438ஆல் பெருக்க மறந்ததே காரணம். கண்ணுக்கும் கைக்கும் ஒரே அளவை அமைந்த கருவியே நலம்.

மூன்றாவது, குறுக்கிழை அமைந்துள்ள இடம் பற்றியது. உருப்பெருக்கத்தை மாற்றுகையில், சில கருவிகளில் குறுக்கிழையும் இலக்கோடு சேர்ந்து பெருத்துச் சிறுக்கும். அவற்றில் ஒரு மில் எப்போதும் ஒரு மில்லே. வேறு சிலவற்றில் இலக்கு மட்டும் பெருக்க, இழை மாறாது நிற்கும். அவற்றில் குறிப்பிட்ட ஓர் உருப்பெருக்கத்தில் மட்டுமே இழையின் அளவு மெய்யாகும். அதைப் பாதியாகக் குறைத்தால் ஒரு மில் எனக் காட்டும் இடைவெளி இரண்டு மில் ஆகிவிடும்.

அலகு மயங்கினால் நேரும் கேடு துப்பாக்கியோடு நிற்பதில்லை. 1999ஆம் ஆண்டு செப்டம்பரில் செவ்வாய்க் கோளை அடைந்த அமெரிக்க விண்கலம் ஒன்று, ஒரு சாரார் பவுண்டு அளவையிலும் மறு சாரார் மெட்ரிக் அளவையிலும் கணக்கிட்டமையால் அழிந்தது. மலேசியாவில் 1972ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்தின் பின் மெட்ரிக் முறை நிலைபெற்ற போதிலும், ஏக்கரும் அடியும் பேச்சில் நீடிக்கின்றன. ஆகவே எண்ணுக்குப் பின்னால் அலகை எழுதாத விடைக்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியரைக் கடுமையானவர் என மாணாக்கர் எண்ணலாகாது.

வகுப்பறைக்கு ஏற்ற பயிற்சி

துப்பாக்கி பள்ளிக்குரிய பொருளன்று. மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இன்றி அதனை வைத்திருத்தல் குற்றம். ஆனால் குறிநோக்கியின் கணிதத்தைக் கற்பிக்க ஓர் அளவுகோலும் ஒரு மீட்டர் நூலும் போதும்.

அளவுகோலின் நடுவில் நூலைக் கட்டி, மறுமுனையை ஒரு மாணவர் தம் கன்னத்தில் கண்ணருகே பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றொருவர் நூல் விறைப்பாக இருக்கும்படி அளவுகோலை முன்னால் பிடிக்க வேண்டும். கண்ணுக்கும் கோலுக்கும் ஒரு மீட்டர் தொலைவு. ஆகவே கோலின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரு மில். திடலில் உள்ள 8 மீட்டர்க் கொடிக்கம்பம் கோலில் 80 மில்லிமீட்டரை நிரப்பினால், 8ஐ ஆயிரத்தால் பெருக்கி 80ஆல் வகுக்க, தொலைவு 100 மீட்டர். பின்னர் நாடா கொண்டு அளந்து, விடை எவ்வளவு பிழைத்தது என்று மாணாக்கரே காணட்டும். முழுநிலா நாளில் வீட்டில் இதே கோலைக் கொண்டு நிலவை அளந்தால் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் வரும். அது 31 கலை. பஞ்சாங்கக் கணிதர் கலையில் அளந்ததும் மாணாக்கர் மில்லில் அளந்ததும் ஒரே நிலவையே என்பது அப்போது விளங்கும்.

இப்பயிற்சியில் விகிதம், வகுத்தல், அலகு மாற்றம், பிழை மதிப்பீடு ஆகிய நான்கும் ஒருங்கே அமைகின்றன. அறிவியல், கணிதம் ஆகியவற்றைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்ற வினா மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் முன் எழுந்த காலங்கள் உண்டு. 2003ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் இப்பாடங்கள் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டதும் நினைவுக்குரியது. அவ்வினாவுக்கு மேடைப்பேச்சு விடையாகாது. பாகை, கலை, விகலை என்னும் சொற்களைப் பஞ்சாங்கத்திலிருந்து எடுத்து, அவற்றால் ஒரு கணக்கைப் பிழையறச் செய்து காட்டும் வகுப்பறையே விடையாகும். மில், ரேடியன் போன்ற உலகப் பொதுச்சொற்களை அவ்வாறே ஏற்பதில் இழுக்கில்லை. சொல் எங்கிருந்து வரினும், அது குறிக்கும் அளவு மாணாக்கரின் உள்ளத்தில் மயக்கமின்றிப் பதிதலே கல்வியின் நோக்கம்.